போதும் என்னும் எல்லை

கோடை விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும் நம் குடும்பங்கள் அங்கே மூன்று வினாக்களுக்கு விடை கூறாமல் தப்ப முடிவதில்லை. "சம்பளம் உயர்ந்திருக்கிறதா?" என்பது முதல் வினா. "சொந்தமாக வீடு எப்போது வாங்கப் போகிறீர்கள்?" என்பது அடுத்தது. "எப்போது ஊரோடு வந்து சேரப் போகிறீர்கள்?" என்பது மூன்றாவது. கேட்பவர்கள் அன்பின் மிகுதியால்தான் கேட்கிறார்கள். அதில் ஐயம் இல்லை. ஆயினும் இம்மூன்றும் இனி வரவேண்டியதைப் பற்றிய வினாக்கள். இன்று இருப்பது எப்படி இருக்கிறது என்று கேட்பவர் அரியர். பிறர் கேட்காததில் வியப்பில்லை. நாமே நம்மைக் கேட்டுக்கொள்வதில்லை என்பதுதான் எண்ணிப் பார்க்கத்தக்கது. இத்திங்கள் அந்த வினாவையே நேயர்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறோம்.

ஆசையே தீது என்று கூற நாம் முன்வரவில்லை. ஆசை இல்லையேல் நம்மில் பலர் இம்மாநகரங்களைக் கண்டிருக்கவே மாட்டோம். தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு, ஒரு தகரப் பெட்டியும் படுக்கைச் சுருளுமாகத் தில்லிக்கும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் வண்டி ஏறிய தலைமுறையை நாம் அறிவோம். கரோல்பாக்கிலும் மாதுங்காவிலும் ராஷ்பிஹாரி அவென்யூவை ஒட்டிய தெருக்களிலும் நால்வர் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டு, மாதந்தோறும் ஊருக்கு மணியார்டர் அனுப்பினார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து, தோல் பதனிடும் தொழிலில் உடல் வருந்தி உழைத்துக் குடும்பங்களைத் தாங்கியவர்களும் உண்டு. அவர்களுடைய ஆசைக்கு ஒரு பெயர் இருந்தது: தங்கையின் திருமணம், தம்பியின் படிப்பு, அடமானத்தில் இருந்த நிலத்தின் மீட்பு. பெயர் இருந்தமையால் அதற்கு ஓர் எல்லையும் இருந்தது. எல்லையை எட்டிய அன்று, "கடமை முடிந்தது" என்று நெஞ்சு நிறைந்து சொல்ல அவர்களால் முடிந்தது.

பெயரும் எல்லையும் இல்லாத ஆசையைப் பற்றியே இங்குப் பேசுகிறோம். "இன்னும் கொஞ்சம்" என்பதே அதன் உருவம். எவ்வளவு என்று கேட்டால் அதற்கு விடை தெரியாது. எதற்காக என்று கேட்டாலும் தெரியாது.

மகாபாரதத்தில் வரும் யயாதியின் கதை நேயர்கள் அறிந்ததே. சுக்கிராசாரியரின் சாபத்தால் அகாலத்தில் முதுமை அடைந்த அம்மன்னன், தன் மக்களை ஒவ்வொருவராக அழைத்து இளமையைக் கடனாகக் கேட்டான். மற்றவர்கள் மறுக்க, இளைய மகன் பூரு தன் இளமையைத் தந்தான். ஆயிரம் ஆண்டுகள் அந்த இளமையோடு வாழ்ந்தபின், நுகர்ச்சியால் ஆசை தணிவதில்லை, வளர்கிறது என்று கண்டு, மகனிடமே அதைத் திருப்பித் தந்தான். இக்கதையை ஆசையைப் பற்றிய பாடமாகவே நாம் சொல்லி வருகிறோம். அதில் மற்றொன்றும் இருக்கிறது. யயாதி நுகர்ந்தது தன் இளமையை அன்று, மகனுடைய இளமையை. ஒருவருடைய எல்லையற்ற ஆசைக்கு விலை கொடுப்பவர் பெரும்பாலும் வீட்டிலுள்ள மற்றொருவராக இருக்கிறார். இதனை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

ஆசை எவ்வாறு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுகிறது என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் தெனி திதரோ தம் அனுபவத்தைக் கொண்டே ஒரு கட்டுரையில் காட்டினார். 1769-இல் வெளிவந்தது அது. அவருக்குச் சிவப்பு நிறத்தில் அழகிய வீட்டு அங்கி ஒன்று கிடைத்தது. பழைய அங்கியை எறிந்துவிட்டுப் புதியதை அணிந்தார். அதன் பின்னர் அறையிலிருந்த வைக்கோல் நாற்காலி கண்ணுக்குப் பொருந்தவில்லை. தோல் நாற்காலி வந்தது. பலகை மேசை பொருந்தவில்லை. விலையுயர்ந்த மேசை வந்தது. சுவரிலிருந்த சாதாரணப் படங்களும் மாறின. முடிவில் அறை முழுவதும் புதிதாயிற்று. பழைய அங்கியில் இருந்த நிம்மதி மட்டும் திரும்பவில்லை. நம் வீடுகளில் வண்ணம் பூசத் தொடங்கி, திரைச்சீலை மாற்றி, சோபா மாற்றி, இறுதியில் கடன் தவணையில் வந்து நிற்பதும் இதே கதையன்றோ? ஒவ்வொரு பொருளும் தனியே பார்த்தால் தேவையாகவே தோன்றும். ஒன்று மற்றொன்றை அழைத்து வந்தது என்பது பின்னர்தான் விளங்கும்.

அடைந்த பொருள் ஏன் நெடுநாள் மகிழ்ச்சி தருவதில்லை? பழகிவிடுவதுதான் காரணம். ஊருக்குச் செல்லும் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். கிராண்ட் டிரங்க் விரைவு வண்டியில் ஏறி, வழியில் இரண்டு இரவுகளைக் கழித்து, கரி படிந்த முகத்தோடு சென்னையில் இறங்கிய காலம் ஒன்று இருந்தது. 1976-இல் தமிழ்நாடு விரைவு வண்டி வந்தபோது, ஊரே அருகில் வந்துவிட்டதாக மகிழ்ந்தோம். இன்று தில்லியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் மூன்று மணி நேரத்திற்குள் சென்றுவிடலாம். ஆயினும் விமானம் அரை மணி நேரம் தாமதமாகப் புறப்பட்டால் பொறுக்க முடிவதில்லை. இரண்டு நாள் பயணத்தைப் பொறுத்த அதே மனம்தான் அரை மணியைப் பொறுக்க மாட்டாமல் தவிக்கிறது. தொலைபேசி இணைப்புக்கும் ஸ்கூட்டருக்கும் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். வீட்டில் முதன்முதலாகத் தொலைபேசி மணி ஒலித்த நாளின் மகிழ்ச்சி, குடும்பத்தில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கருவி இருக்கும் இந்நாளில் யாருக்கு இருக்கிறது?

அரசுப் பணியில் உள்ள நேயர்களுக்கு மற்றோர் எடுத்துக்காட்டும் தெரிந்திருக்கும். ஆறாவது ஊதியக்குழுவின்படி 2006-ஆம் ஆண்டு முதல் மத்திய அரசு ஊழியரின் குறைந்தபட்ச ஊதியம் அகவிலைப்படி நீங்கலாக 7,000 ரூபாயாக இருந்தது. ஏழாவது குழுவின்படி 2016-ஆம் ஆண்டு முதல் அது 18,000 ரூபாய் ஆயிற்று. குழு அமையும்போது எதிர்பார்ப்பு. அறிக்கை வரும்போது பரபரப்பு. நிலுவைத் தொகை கையில் கிடைக்கும் மாதத்தில் இனிப்பு. அடுத்த ஆண்டில் அந்த ஊதியமே வழக்கமான ஊதியமாகிவிடுகிறது. செலவும் அதற்கு ஏற்ப விரிந்துவிடுகிறது. பேச்சு அடுத்த குழுவைப் பற்றித் திரும்பிவிடுகிறது. விலைவாசி உயர்வும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறுக்கவில்லை. முழுக் காரணமும் அதுவே என்று சொல்ல நம் மனச்சான்று இடம் தராது.

மனநூலார் இதனை ஆராய்ந்திருக்கிறார்கள். 1978-இல் அமெரிக்காவில் ஃபிலிப் பிரிக்மன் என்பாரும் அவருடைய துணைவர்களும், இல்லினாய் மாநிலத்தில் பரிசுச் சீட்டில் பெருந்தொகை பெற்ற 22 பேரை, அத்தகைய பரிசு பெறாத 22 பேரோடு ஒப்பிட்டார்கள். பரிசு பெற்றவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மகிழ்ச்சியோடு இல்லை. அது மட்டுமன்று, நண்பரோடு பேசுதல், காலை உணவு உண்ணுதல், ஒரு நகைச்சுவையைக் கேட்டல் போன்ற அன்றாடச் செயல்களில் அவர்கள் பெற்ற இன்பம் மற்றவர்கள் பெற்றதைவிடக் குறைந்திருந்தது. பெரிய இன்பம் ஒன்று வந்து சிறிய இன்பங்களின் சுவையைக் குறைத்துவிட்டது போலும்! இது சிறிய ஆய்வு என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுவீடன் நாட்டில் பரிசு பெற்றவர்களைப் பற்றி 2020-இல் வெளிவந்த மிகப் பெரிய ஆய்வொன்று, பெருந்தொகை பெற்றவர்களுக்குத் தம் வாழ்வைப் பற்றிய மனநிறைவு நெடுங்காலம் சற்று உயர்ந்தே இருந்தது என்று காட்டியிருக்கிறது. ஆகவே பணத்தால் பயனில்லை என்பது பொய். பணம் கவலைகளைக் குறைக்கும். வாழ்வுக்கு உறுதி தரும். காலை உணவைச் சுவைத்து உண்ணும் மனத்தை மட்டும் அது வாங்கித் தருவதில்லை.

பழக்கத்தைக் காட்டிலும் கொடியது ஒப்பீடு. 1998-இல் சாரா சோல்னிக், டேவிட் ஹெமன்வே என்னும் இருவர் ஒரு விந்தையான வினாவை எழுப்பினார்கள். எல்லோரும் 25,000 டாலர் பெறும் உலகில் நீங்கள் மட்டும் 50,000 டாலர் பெறுவதை விரும்புவீர்களா? அல்லது எல்லோரும் 2,00,000 டாலர் பெறும் உலகில் நீங்கள் 1,00,000 டாலர் பெறுவதை விரும்புவீர்களா? விலைவாசி இரண்டிலும் ஒன்றே என்றும் தெளிவாகச் சொல்லப்பட்டது. ஏறக்குறையப் பாதிப்பேர் முதலாவதைத் தேர்ந்தார்கள். கையில் வருவது பாதியாகக் குறைந்தாலும் அடுத்தவனைவிட மிகுதியாக இருந்தால் போதும் என்பது அதன் பொருள். விடுமுறை நாட்களைப் பற்றி இதே வினாவைக் கேட்டபோது நிலைமை வேறாக இருந்தது. பிறருக்கு எத்தனை வாரம் கிடைத்தாலும் சரி, நமக்கு மிகுதியான வாரங்கள் கிடைக்கட்டும் என்றே பெரும்பாலோர் விரும்பினார்கள்.

இந்த வேறுபாட்டை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். சம்பளம், கார், வீட்டின் பரப்பு, பிள்ளை சேர்ந்த கல்லூரியின் பெயர் ஆகியவற்றை அடுத்த வீட்டோடு ஒப்பிடுகிறோம். ஒப்பிட்டவுடன் அவை சிறுத்துவிடுகின்றன. மகளோடு உட்கார்ந்து தமிழ் எழுத்துக் கற்பித்த ஒரு மணி நேரத்தை எவரும் ஒப்பிடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் நண்பர் குடும்பத்தோடு பேசிக் குடித்த காப்பியையும் ஒப்பிடுவதில்லை. ஆகவே அவை சிறுப்பதும் இல்லை. இருந்தும், ஒப்பிட்டால் சிறுத்துப்போகும் பொருள்களை ஈட்டுவதற்காக, ஒப்பீட்டால் குறையாத இந்த நேரத்தை அல்லவா நாம் நாள்தோறும் விலையாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்?

இதுவரை கூறியவை எந்த ஊரில் வாழ்பவர்க்கும் பொருந்தும். ஊர்விட்டு வந்து வாழும் நமக்கே உரிய ஒரு குறையும் இருக்கிறது. நாம் "அப்புறம்" என்னும் சொல்லில் குடியிருக்கிறோம். இந்நகர வாழ்வு தற்காலிகமானது, உண்மையான வாழ்வு பிறகு ஊரில் தொடங்கும் என்று எண்ணிக்கொண்டே முப்பது ஆண்டுகளைக் கழித்துவிடுகிறோம். அண்டை வீட்டாரின் மொழியை முழுதாகக் கற்பதில்லை. எப்படியும் போய்விடுவோம் அல்லவா? நல்ல பாத்திரங்களைப் பரண்மீது வைத்திருக்கிறோம். அவை ஊர் வீட்டுக்கு உரியவை. அந்த ஊர் வீட்டையும் அரும்பாடுபட்டுக் கட்டி முடிக்கிறோம். அதற்குள் பிள்ளைகள் இந்நகரத்திலோ, வேறு நாட்டிலோ வேரூன்றிவிடுகிறார்கள். பேரக்குழந்தைகளை விட்டு நமக்கும் போக மனமில்லை. ஊரில் வீடு பூட்டிக் கிடக்கிறது. இங்கே வாழ்வு பூட்டிக் கிடந்தது. இவற்றுள் எது பெரிய இழப்பு?

2010-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் ஆகியோர் 2,250 பேரிடம் கைத்தொலைபேசி வாயிலாக, வெவ்வேறு நேரங்களில், அப்போது என்ன செய்கிறார்கள், என்ன எண்ணுகிறார்கள், எவ்வாறு உணர்கிறார்கள் என்று கேட்டறிந்தார்கள். ஏறக்குறைய 47 விழுக்காடு நேரங்களில் மனிதர்களின் மனம் செய்யும் செயலில் இல்லை; வேறெங்கோ இருந்தது. அவ்வாறு மனம் அலையும் நேரங்களில் அவர்கள் அடைந்த மகிழ்ச்சியும் குறைந்தே இருந்தது. இனியவற்றை எண்ணி அலைந்த மனமும் செய்யும் செயலில் நின்ற மனத்தைவிட மிகுந்த மகிழ்ச்சி பெறவில்லை. உடல் தில்லியிலும் மனம் கும்பகோணத்திலுமாக வாழும் நம்மைக் கேட்டிருந்தால் அந்தக் கணக்கு இன்னும் உயர்ந்திருக்கக்கூடும்!

தள்ளிப்போடுவதில் எல்லாம் திரும்பக் கிடைப்பதில்லை என்பதையும் கூறவேண்டும். "இன்னும் ஓர் அறை உள்ள வீட்டுக்குப் போனதும் அம்மாவை அழைத்து வந்து வைத்துக்கொள்ளலாம்" என்று எத்தனை வீடுகளில் பேசப்படுகிறது! எண்ணம் தூயது. ஆனால் அந்த அறை கிடைக்க ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் அன்னையின் முழங்கால் வண்டியேற இடம் தருவதில்லை. அல்லது அவர் முகத்தைப் படத்தில்தான் காண முடிகிறது. அன்னை கேட்டது ஓர் அறையை அன்று. கூடத்தில் ஒரு பாயும், மாலையில் பேரனோடு பேச்சும் இருந்தால் அவருக்கு நிறைவாக இருந்திருக்கும். இருக்கும் வீடு போதாது என்று நாமாக முடிவு செய்துவிட்டோம். மகனுடைய இளமையை யயாதி செலவிட்டதுபோல், நாமும் நம் எல்லையற்ற திட்டங்களுக்குப் பெற்றோரின் இறுதி ஆண்டுகளையும் பிள்ளைகளின் முதல் ஆண்டுகளையும் செலவிட்டுவிடுகிறோம். இவ்விரண்டையும் எந்த ஊதியக்குழுவும் நிலுவைத் தொகையாகத் திருப்பித் தருவதில்லை.

இங்கே சிலர் தடை எழுப்பக்கூடும். "மனநிறைவைப் போதித்தால் மக்கள் முயற்சியைக் கைவிட்டு விடுவார்கள், ஏழை ஏழையாகவே இருப்பான்" என்பர். நியாயமான தடையே. நாள் முழுதும் உழைத்தும் வாடகை கொடுக்க இயலாதவனிடமும், குடிநீருக்கு வரிசையில் நிற்கும் பெண்ணிடமும் சென்று "இருப்பது போதும்" என்று கூறுவது அறிவுரை ஆகாது, அது கொடுமை. கூலி உயர்வு கேட்பவன் பேராசைக்காரன் அல்லன். அவன் கேட்பதற்குப் பெயரும் உண்டு, எல்லையும் உண்டு. திருவள்ளுவரும் 37-ஆம் அதிகாரத்தில் அவா அறுத்தலைக் கூறினார்; 76-ஆம் அதிகாரத்தில் பொருள் செயல்வகையைக் கூறினார். இரண்டும் ஒரே நூலில் ஒன்றை ஒன்று மறுக்காமல் நிற்கின்றன. பொருளை ஈட்டுக, ஆனால் அது எதற்கென்று அறிந்து ஈட்டுக என்பதே நாமும் கூற விழைவது. மனநிறைவு என்பது கை கட்டி உட்காருதல் அன்று. உழைப்பவன் உழைக்கும்போதே வாழ்வதுதான் மனநிறைவு. வாழ்வை வேறொரு நாளுக்கு ஒத்திவைக்காமை என்றும் அதனைச் சொல்லலாம்.

இதற்கு வழி உண்டா? பெரிய தவங்கள் எவையும் வேண்டியதில்லை. இல்லறத்தார் எளிதில் செய்யக்கூடிய சிலவற்றைக் கூறி முடிப்போம்.

முதலாவது, வேண்டுவதற்கு முன்பே எல்லையைக் குறித்துக்கொள்ளுதல். கணவனும் மனைவியும் ஒருநாள் மாலை அமர்ந்து, இக்குடும்பத்திற்கு எவ்வளவு சேமிப்பு, எத்தனை அறை, என்ன வண்டி இருந்தால் போதும் என்று ஒரு தாளில் எழுதிவைக்கலாம். ஆசை கிளர்ந்தபின் குறிக்கும் எல்லை நில்லாது. அமைதியான வேளையில் குறித்த எல்லை ஓரளவேனும் நிற்கும். அந்த எல்லையை எட்டிய நாளைத் திருநாளாகவே கொண்டாடலாம். போதும் என்னும் நிலை தானாக வந்து கதவைத் தட்டுவதில்லை. அதனை நாம்தான் வகுத்து வைக்க வேண்டும்.

இரண்டாவது, புதிதாக ஒன்றை வாங்க நினைக்கும்போதெல்லாம், "அடுத்த வீட்டில் இது இல்லையென்றால் நமக்கு இது வேண்டியிருக்குமா?" என்று கேட்டுப் பார்த்தல். வேண்டும் என்று மனம் சொன்னால் தயங்காமல் வாங்கலாம். விடை வரத் தாமதமானால் நாமும் ஒரு திங்கள் தாமதிக்கலாம்.

மூன்றாவது, வாழும் ஊரை வாழும் ஊராக ஏற்றுக்கொள்ளுதல். பால்கனித் தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடி வைக்கலாம். காய்கறிக்காரரின் பெயரை அறிந்துகொள்ளலாம். பொங்கலை அண்டை வீட்டாரோடு பகிர்ந்து, அவர்களுடைய லோடியிலோ துர்கா பூசையிலோ கணபதி விழாவிலோ பங்கு கொள்ளலாம். பரண்மீது இருக்கும் நல்ல பாத்திரத்தை இறக்கி இவ்வாரமே அதில் சமைக்கலாம். இதனால் பிறந்த ஊர்மேல் உள்ள அன்பு குறைந்துவிடாது. நமக்கு இது வந்த ஊர். நம் பிள்ளைகளுக்கோ இதுவே பிறந்த ஊர். அவர்களுடைய ஊரைக் காத்திருக்கும் கூடமாகவே நாம் நடத்தினால், அவர்களுக்கு இங்கும் வேர் இராது, அங்கும் இராது.

நான்காவது, மனிதரைச் சார்ந்த எதையும் பொருளைச் சார்ந்த ஒன்றுக்காக ஒத்திவைக்காதிருத்தல். வீடு அடுத்த ஆண்டு வாங்கலாம்; வண்டி அதற்கடுத்த ஆண்டு மாற்றலாம். அன்னையை அழைப்பதும், நோயுற்ற நண்பரைச் சென்று காண்பதும், மகன் சொல்ல வந்ததைக் காது கொடுத்துக் கேட்பதும் இவ்வாண்டுக் கணக்கில் சேரவேண்டியவை. இவ்விதழ் நேயர்கள் கையில் சேரும் நாளில், ஒத்திவைத்திருக்கும் அத்தகைய செயல்களில் ஒன்றையேனும் எடுத்துச் செய்து முடிப்பார்களாயின், இப்பகுதியை எழுதியதன் பயனை நாம் பெற்றவர்களாவோம்.